பலகை மட்டும் வைத்தார்கள்

"ஊர் போய்ச் சேருத வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சிராத, ஏட்டி."

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மறுநாள், சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் ஒரு பெண் தன் தம்பி மனைவியிடம் இப்படிச் சொன்னாள். அந்த இளையவள் கர்ப்பிணி. வெயிலில் உதடு வெடித்திருந்தது.

"தொண்டை ஒட்டுது மதினி."

"ஒட்டட்டும். குடிச்சா எங்கன போய் ஒதுங்குவ? முள்ளுக்காட்டையும் வளைச்சுக் கடை போட்டுட்டானுவ. இருக்குத ஒத்தக் கக்கூஸும் பூட்டிக் கெடக்கு."

அவர்கள் தலைக்கு மேலே, 'சுற்றுலாப் பயணிகளே, வருக வருக' என்று புதுப் பலகை.

பக்கத்து டீக்கடைக்காரர் சலிப்போடு சொன்னார்: "போன வாரம்தான் ஆபீசர் வந்து மாட்டிட்டுப் போனாரு. இனி வெள்ளைக்காரன்லாம் குடும்பத்தோட வருவானாம்."

"வரட்டும் அண்ணாச்சி," என்றாள் மூத்தவள். "வெள்ளைக்காரி வயித்துல மட்டும் பூட்டா தொங்குது? அவளும் எங்கள மாதிரி இடம் தேடி முழிச்சுக்கிட்டுத்தான் நிப்பா."

"அதைத்தாம்மா நானும் கேட்டேன். கக்கூஸு வேற டிபார்ட்மெண்டுன்னுட்டாரு."

எதிர்ச் சுவரோரம் ஆண்கள் வரிசையாக நின்று ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எந்த டிபார்ட்மெண்டும் தேவைப்படவில்லை.

கடைக்காரர் கர்ப்பிணியிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "குடி தாயி, மயங்கி விழுந்திராத."

அவள் அதில் முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த தபசுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வாறதா நேர்ந்திருக்கேன் மதினி."

"அதுக்கென்ன, வருவோம்."

"நீங்க தூக்கிட்டு வாங்க. நான் வரல."