றோலண்ட் பேரில் பன்னிரண்டு கணினிகள்

2025 பெப்ரவரி 11ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, மு.ப. 10.50க்குப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் பதிவுசெய்யப்பட்டது.

பெயர்: றோசலின் மாகிறட் றோலண்ட். வயது: 76. விதவை. சமயம்: றோமன் கத்தோலிக்கம். தொழில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. முகவரி: புகையிரத நிலைய வீதி, கொட்டகலை.

நான் மேற்சொன்ன முகவரியில் தனியாக வசிக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாக வந்தேன். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி எனக்குத் தமிழில் விளங்கப்படுத்துவதாக முதலில் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும். ஆனால் நானே வாசித்துச் சரிபார்க்க முடியாத ஒன்றில் கையொப்பமிடுவதில்லை என்று சொல்லி, தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் விஜிதரன், வயது 34, போலி மென்பொருள் போட்டு ஏமாற்றியதாக நேற்றுக் காலை கைதுசெய்யப்பட்டிருக்கிறார். அந்த விடயம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனது கணவர் றோலண்ட் தோட்டத் தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்தார். அந்த முப்பத்தொரு வருடத்தில் அலுவலகப் பென்சில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஓய்வுபெற்றபின் கணினி பழகினார். 2019ஆம் ஆண்டு விஜிதரனின் கடையில் ஒரு கணினியையும், முத்திரை உடைக்காத பெட்டியில் அதை இயக்கும் மென்பொருளையும் வாங்கினார். பெட்டிக்குள் இருபத்தைந்து எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு அட்டை இருந்தது. அது அந்த மென்பொருளை ஒரு கணினியில் பாவிப்பதற்கான உரிமம். அதைத் தன் பெயரில் பதிந்தார். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் தினமும் பிற்பகல் நாலு பத்துக்கு ஞாபகப்படுத்தும்படி அந்தக் கணினியில் தனது குரலைப் பதிவுசெய்து வைத்தார். அது "றோஸ், மாத்திர போட்டாச்சா?" என்று கேட்கும்.

அவர் 2022 ஓகஸ்ட் 16ஆம் திகதி காலையில் அந்தக் கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தபடி இறந்தார். கணினியை யாரும் நிறுத்தவில்லை. அன்று பின்னேரம் சடலம் முன்னறையில் இருக்கும்போது, நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், நாலு பத்துக்கு அவருடைய குரல் கேட்டது. வந்திருந்தவர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அதன்பின் அந்தக் கணினியை நான் நிறுத்தியதில்லை. மின்சாரம் நின்று வந்தால் முதல் வேலையாக அதைப் போடுவேன்.

2024 மார்ச் மாதம் கொழும்பிலுள்ள ஒரு நலன்புரி அமைப்பு, பாவித்த கணினிகள் பதினொன்றை எங்களுக்கு அருகிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் தந்தது. அவை அந்தத் தோட்டத்து டிவிசனின் பொது மண்டபத்தில் வைக்கப்பட்டன. வகுப்பு நடத்த நான் சம்மதித்தேன். கணினிகளுக்குள் எந்த மென்பொருளும் இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் பெற்றுப் போட வேண்டும், போட்டதாகப் பொறுப்பாளர் கடிதம் தர வேண்டும் என்பது அமைப்பின் நிபந்தனை. பொறுப்பாளர் நான்.

அதன்பின் விஜிதரனை மண்டபத்துக்கு அழைத்தேன். வீட்டிலுள்ள கணினியில் இருப்பதை அப்படியே இந்தப் பதினொன்றிலும் போடும்படி கேட்டேன். அவர், "டீச்சர், அந்த அட்ட ஒரு மெசினுக்குத்தான். ரெண்டாவதுக்குப் போட்டாலே தப்பு," என்றார். அங்கே தோட்டத் தலைவர் கந்தப்பனும் இருந்தார். அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது:

"நாங்க இருக்கிற லயத்து வீடு, எங்க காம்பரா, இன்னிய வரைக்கும் எங்க பாட்டன் பேர்லதான் கெடக்கு டீச்சர். அவரு மண்ணுக்குள்ள போயி முப்பத்திரெண்டு வருசம். பேர மாத்தப் போனா காம்பராவ எடுத்துக்கிருவாங்கன்னு நாங்க வாயத் தொறக்கிறதில்ல. அதுக்குள்ள இப்ப மூணு குடும்பம். செத்தவரு பேர்ல மூணு குடும்பம் இருக்கலாம், பதினோரு பொட்டி இருக்கக்கூடாதா?"

அதற்கு விஜிதரன், "தலைவரே, காம்பராவ யாரும் வந்து எட்டிப் பாக்க மாட்டாங்க. இது அப்பிடி இல்ல. நெட்டுல போட்டீங்கன்னா கம்பனிக்காரனே உள்ளுக்கு வந்து ஆள எண்ணுவான்," என்றார். கந்தப்பன், "வரட்டும், தேத்தண்ணி ஊத்திக் குடுப்போம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லயத்தில் இப்படித்தான் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். நான் படிப்பித்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய வீட்டு முகவரி இறந்தவர்களின் பெயரில்தான் இருந்தது. அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை.

அதன்பின் விஜிதரன் என்னைத் தனியாக அழைத்து, "சும்மா கெடைக்கிறது ஒன்னு இருக்கு டீச்சர். லைசன்ஸே தேவல்ல. பிள்ளைங்களுக்கு அதுவே போதும், ஒரு நாள்ல போட்டுத் தந்துர்றேன்," என்றார்.

நான், "அதுல எங்க அவர் பேர் வருமா?" என்று கேட்டேன்.

"வராது டீச்சர். பிள்ளைங்க பேர்தான் வரும்."

"அப்ப வேணாம்," என்றேன்.

அவர் மேலும் மறுத்தார். "நான் ஒனக்குப் படிப்பிச்சவ, விஜி," என்று சொன்னேன். அதன்பின் அவர் மறுக்கவில்லை. ஏப்ரல் 20ஆம் 21ஆம் திகதிகளில் வீட்டுக் கணினியின் முழுப் பிரதியையும் பதினொன்றிலும் போட்டார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

21ஆம் திகதி இரவு உரிம ஒப்பந்தத்தின் இருபத்தொரு பக்கத்தையும் ஆங்கிலத்தில் வாசித்தேன். ஒரு பிரதி, ஒரு கணினி என்று அதில் தெளிவாக இருந்தது. 22ஆம் திகதி, பதினொரு கணினிகளுக்கும் தனித்தனி உரிமம் உண்டு என்று நானே கடிதம் தட்டச்சு செய்து கையொப்பமிட்டு அனுப்பினேன். கடிதம் பற்றி விஜிதரனுக்குத் தெரியாது.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை நடந்தது. ஒவ்வொரு கணினியும் எழும்பும்போது என் கணவரின் பெயரைக் காட்டும். பின் அவருடைய படம் வரும். கம்பளித் தொப்பியுடன் நுவரெலியாவில் எடுத்த படம். நாலு பத்துக்குப் பதினொன்றும் பேசும். ஒவ்வொன்றின் மணிக்கூடும் ஓரிரு செக்கன் முன்பின்னாக இருந்ததால் குரல் ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலையில் முடியும். முதல் நாள் பிள்ளைகள் பயந்தார்கள். அடுத்த கிழமை முதல் அவர்களே ஒரே குரலில், "போட்டாச்சு ஐயா!" என்று பதில் சொல்லத் தொடங்கினார்கள். நான் மாத்திரையை வீட்டில் போடாமல் மண்டபத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன்.

ஜூன் மாதம், கொழுந்து பறிக்கும் காளியாயி தனது மகளை வகுப்பிலிருந்து நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "செத்தவங்கள இப்பிடிப் பேச வுட்டா அவுங்க எப்ப போவாங்க டீச்சரம்மா? எம்புள்ள தூக்கத்துலயும் போட்டாச்சு போட்டாச்சுங்குது," என்றார். இது வெறும் ஒலிப்பதிவு என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர், "அப்ப நிப்பாட்டிருங்களே," என்றார். நான் நிறுத்தவில்லை.

மண்டபத்தில் இணைய வசதி இல்லாததால் ஒன்பது மாதம் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. இந்த வருடம் ஜனவரி மாதக் கடைசியில் அமைப்பு இணைய இணைப்புத் தந்தது. நான்கு நாட்களுக்குள் எல்லாக் கணினிகளிலும் படம் மறைந்து திரை கறுப்பாகியது. இந்தப் பிரதி உண்மையானதல்ல என்ற அறிவித்தல் மூலையில் வந்தது. அதே அட்டையின் இலக்கம் என்பதால், இணையத்தில் இருந்த வீட்டுக் கணினியும் அவ்வாறே ஆகியது.

பெப்ரவரி 5ஆம் திகதி புதன்கிழமை அமைப்பின் உத்தியோகத்தர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். மரியாதையானவர். ஒவ்வொரு கணினியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கையில் நாலு பத்தாகியது. திரைகள் கறுப்பாக இருந்தபோதிலும் குரல் வந்தது. பதினொன்றிலிருந்தும் வந்தது. அன்று பிள்ளைகள் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்கள். உத்தியோகத்தர் இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கணவர் என்றேன். எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். எல்லாவற்றிலும் இவருடைய பெயர் இருக்கிறதே, இவர்தானா இதைச் செய்தவர் என்று கேட்டுப் பேனையைத் தாளில் வைத்தார். என் கணவரின் பெயரை அந்தத் தாளில் எழுதப்போகிறார் என்று விளங்கியது. உடனே, ஹட்டனில் ஒரு கடையில் போட்டுத் தந்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். கடையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

அதன்பின் நான்கு நாட்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஆறு மணியளவில் விஜிதரனின் மனைவி ஜீவராணி மழையில் குடையில்லாமல் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்று சொன்னது:

"காலையில வந்து புடிச்சிட்டுப் போயிட்டாங்க டீச்சர். யாரு சொல்லிப் போட்டேன்னு எத்தன தடவ கேட்டும் வாயத் தொறக்கல. டீச்சரு மரியாத போயிரும்ங்கிறாரு. ஒங்க மரியாதய வச்சு நான் என்னா செய்ய? எனக்கு எங்க வீட்டுக்காரரு வேணும்."

கதிரையும் துவாயும் கொண்டுவந்து வைத்தேன். திரும்பிப் பார்க்கும்போது அவர் போய்விட்டிருந்தார்.

கேள்வி: விஜிதரன் இதனால் ஏதும் இலாபம் அடைந்தாரா?
பதில்: இல்லை. அவர் மூன்று தடவை மறுத்தார். எனக்குப் பணிந்து செய்தார்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வசதி செய்து கொடுப்பதற்காகத்தானே செய்தீர்கள்?
பதில்: இல்லை. பிள்ளைகளுக்கு இலவசமான மென்பொருளே போதுமாயிருந்தது. எனக்காகச் செய்தேன். வீட்டிலுள்ள ஒரு கணினி பழுதானால் என் கணவர் போய்விடுவார் என்று பயந்தேன்.

கேள்வி: உங்கள் கணவருக்கு இதில் தொடர்பு உண்டா?
பதில்: இல்லை. அவர் வாங்கியது ஒன்று, போட்டது ஒன்றில். இதைத் தனி வரியாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டுக் கணினியைச் சான்றுப் பொருளாக ஒப்படைக்கச் சம்மதமா?
பதில்: சம்மதம். கொண்டுவந்திருக்கிறேன், வெளியே முச்சக்கரவண்டியில் இருக்கிறது. உரிம அட்டை இதோ. பதினொன்றிலும் உள்ளதை அழித்து இலவசமானதைப் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நல்லது. என்னுடையதைத் திருப்பிக் கேட்க மாட்டேன். யாராவது அதை மின்சாரத்தில் பொருத்தி வைத்திருந்தால் நாலு பத்துக்குக் குரல் வரும், பயப்படத் தேவையில்லை.

இந்த வாக்குமூலம் எனக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது. பின் நானும் கண்ணாடி போட்டு வாசித்தேன். கடிதத்தில் கையொப்பமிட்டது பற்றிய இடத்தில் உத்தியோகத்தர் 'வயது காரணமாக அறியாமல்' என்று சேர்த்து எழுதியிருந்தார். அப்படி நான் சொல்லவில்லை என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு, "அது இருந்தா ஒங்களுக்கு நல்லதும்மா, இருக்கட்டுமே," என்றார். அது இருந்தால் விஜிதரனுக்கு நல்லதல்ல என்றேன். அந்த மூன்று சொற்களையும் வெட்டி, 'ஒப்பந்தத்தை வாசித்து, தெரிந்துகொண்டே' என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சிறு கையொப்பமிட்டேன். இதில் கூட்டவோ குறைக்கவோ இனி எதுவும் இல்லை. இதிலுள்ளவை யாவும் உண்மை.

(ஒப்பம்) றோசலின் மாகிறட் றோலண்ட்