ரேடியோவில் செருகிய வயர்

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பிலிமத்தலாவையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர் கேட்டார்:

"முதலாளி, இந்த வயரைப் பாத்தா உங்களுக்கு என்னெண்டு தெரியுது?"

அவருடைய மனைவி இழுப்புக்கு மருந்தாவி பிடிக்கும் மெஷினின் வயர் அறுந்துவிட்டது. புது அடாப்டர் விலை கட்டாதென்று, பழையது ஒன்றை அதன் முனையோடு ஒட்டி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்திருந்தார் முஸ்லிம் முதலாளி.

"நல்லா வேலை செய்யும் மாஸ்டர்."

"அது ஓம். வழியில ஆமி செக் பண்ணி, குண்டு வயரெண்டு பிடிச்சா? மெஷின் வீட்டையெல்லோ கிடக்கு. என்ர ஐடென்டிகாட்டில யாழ்ப்பாணம்."

முதலாளி யோசித்தார். மேசையில் பற்றரியில் பாடிக்கொண்டிருந்த தன் ரேடியோவை நிறுத்தி, வயரை அதில் செருகிப் பைக்குள் வைத்தார்.

"இப்ப இது ரேடியோ வயர். ரேடியோவைப் பொறகு கொண்டாங்க."

நானும் ஆசிரியரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பேராதனைச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் ஆசிரியரின் பையைத் திறந்து, வயரை இழுத்துப் பார்த்து, ரேடியோவைப் போட்டான். பாட்டு வந்தது. போகச் சொன்னான்.

பஸ் புறப்பட்ட பிறகும் ஆசிரியர் ரேடியோவை மடியில் பாடவிட்டிருந்தார். சண்டைச் செய்தி தொடங்கியதும் சட்டென்று நிறுத்தினார்.