வாடிக்குள் வைத்த படங்கள்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், "எங்கட வீடு மூணாந்தரமும் அழிஞ்சு போயிட்டு மச்சான்" என்றார் முன்சீற்றில் ஒருவர். ஏறாவூரில் இறங்க வேண்டிய நான் உடனே நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒட்டுக்கேட்பதிலும் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அழிந்தது வீடல்ல, வீட்டுப் படங்கள். கட்டாரில் வேலை செய்யும் மனைவி பார்க்கட்டும் என்று இணையப் பக்கமொன்றில் ஏற்றுகிறாராம். பக்கத்தைச் செய்துகொடுத்தவன், அருகில் இருந்த மனைவியின் தம்பிதான்.

"பிழை என்னிலதான் அத்தான். நீங்க ஏத்துற படமெல்லாம் புரோகிராம் ஓடுற இடத்திலேயே கிடந்திரிக்கு. அது கடக்கரையில மீன்காரர் போடுற ஓலைக்குடில், வாடி மாதிரி. நான் பக்கத்தைத் திருத்துற நேரமெல்லாம் கிளவுட்டில, அதான் இணையத்தில வாடகைக்கு எடுத்த கம்பியூட்டரில, பழைய வாடியப் பிரிச்சுப் புதுசு கட்டுப்படும். உள்ளுக்கிருந்த சாமானும் போயிரும்."

"இப்ப?"

"படத்துக்கெண்டு தனியா ஒரு களஞ்சியம் எடுத்திரிக்கன். இண்டைக்கு மாத்திவிட்டா இனி ஒருநாளும் அழியாது."

அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"படம் அழிஞ்சாத்தான் மச்சான் உங்கக்கா கோல் எடுப்பாள். 'எங்கட மாமரம் எங்க, குசினி எங்க' எண்டு அரை மணித்தியாலம் ஏசுவாள். மத்த நாளெல்லாம் பதிலுக்குப் பெருவிரல் உசத்தின படம் மட்டும்தான் வரும்."

"அதுக்கு?"

"வாடியிலேயே கிடக்கட்டும். நீ கிழமைக்கொருக்காப் பிரிச்சுக் கட்டு."

நான் கண்ணைத் திறந்தபோது ஏறாவூர் எப்போதோ போயிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். என்னைக் காணவில்லை என்று ஒருவரும் கோல் எடுத்திருக்கவில்லை.