பத்து மணிக்குப் பச்சை

எனக்குச் சிவப்பு பிடிக்காது. வீட்டில் குளியலறை வாளிகூடப் பச்சைதான். சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் இணையதளம் தனியாக வாழ்கிறவர்களுக்கானது. தினமும் காலை பத்து மணிக்குள் அவர்கள் போனில் ‘நலம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பத்தானதும், அழுத்தாதவர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரின் சொந்தக்காரருக்கும் செய்தி அனுப்புகிற கணினி நிரல் பின்னணியில் தானாக ஓடும். அதற்கு நான் பொறுப்பு. ஓடி முடித்தால் அலுவலகச் சுவர்த் திரையில் பச்சை விழும். நடுவில் நின்றால் சிவப்பு. மூன்று முறை தானே மறுபடி முயன்று பார்த்துவிட்டு மேலாளருக்குத் தகவல் அனுப்பும்.

அற்பக் காரணத்துக்கெல்லாம் நின்றுவிடும். மேலாளர் அக்கா நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது.

“என்னப்பா, உன் புள்ள இன்னிக்கும் பெயிலா?”

அலுவலகமே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஒரே ஒரு வரியை இடம் மாற்றினேன். கடைசியில் பதிவாகும் ‘முடிந்தது’ என்ற குறிப்பை முதலிலேயே பதிவாகும்படி செய்தேன். நிரல் தொடங்கும்போதே முடிந்துவிட்டதாகக் கணக்கு, நடுவில் நின்றாலும் சரி. முடிந்ததை யாரும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து தினமும் பச்சை. அக்கா எல்லோர் முன்னாலும் கைதட்டினார், பொய் சொல்வானேன், குளிர்ந்துபோனேன்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு டீச்சரம்மா வந்தார். அவருடைய அப்பா, வேலையை விட்டுவிட்ட தையல்காரர், குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு நாள் கிடந்து இறந்திருக்கிறார். நினைவு இருந்திருக்கிறது. சோப்புப் பெட்டியால் கதவைத் தட்டியதில் அடிப்பக்கம் பெயின்ட் பெயர்ந்திருந்ததாம்.

“எனக்கு மெசேஜே வரலையேங்க. போன் கையிலதான் இருந்துச்சு.”

“அனுப்பிருக்கோம்மா. பாருங்க, ரெண்டு நாளும் பச்சை. நீங்கதான் கவனிக்காம விட்டிருப்பீங்க.”

அவர் போனை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அப்ப நான்தானா?” என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலையே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சேவையை விட்டுப்போன ஒருவரின் பெயர், சொந்தக்காரர் எண் இல்லாமல் தங்கியிருந்தது. அவர் எங்கே பொத்தானை அழுத்தப்போகிறார்? தினமும் பட்டியலில் வருவார், அவரிடம் வந்ததும் நிரல் நின்றுவிடும். அவருக்குக் கீழே இருந்த யாருக்காகவும் செய்தி போகவில்லை. சரிசெய்ய நான்கு நிமிடம் போதும். ஆனால் திருத்தினால் என் பெயரும் தேதியும் பதிவாகும், டீச்சரம்மா விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் தொடவில்லை. அதன் பிறகு இரண்டு பேர் போனார்கள். அந்த இரண்டு வீட்டாருக்கும் பச்சையைத்தான் காட்டினேன். இரண்டு வீட்டாரும் நம்பினார்கள்.

போன வாரம் என் அண்ணன். அண்ணி தவறியதிலிருந்து தனியாக இருந்தார். அவர் மேல் எனக்கு உயிர். சேவையில் அவரைச் சேர்த்ததே நான்தான், செய்தி வர வேண்டியதும் என் போனுக்குத்தான். அவர் பெயர் அந்த எண் இல்லாதவருக்குக் கீழே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மூன்று நாள் அவரைக் கூப்பிடவில்லை. ஏதாவது என்றால் செய்தி வரும் என்று இருந்துவிட்டேன்.

வரியை மாற்றியது நான். தெரிந்தே விட்டதும் நான். நான்கு பேரும் என்னால்தான் போனார்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். என் போனை இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள். மூன்று நாளும் பச்சைதான் விழுந்தது. செய்தி வந்திருக்கும், நான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன்.