ராகி கழுவிய தண்ணீர்

— வாய்ல இருக்கிற ரத்தத்தைத் துப்பிட்டுப் பேசு, ஓஸ்வால்ட் சார். கேட்டியா, ஒரு வார்த்தையும் முழுங்கக் கூடாது.

— கையை அவுத்து விடு, கோவிந்தப்பாண்ணா. கோடௌன் ஷட்டரை இறக்கிட்டே. நான் எங்க ஓடப் போறேன் மேன்?

— என் தம்பி ரவியையும் இப்படித்தான் கட்டிப் போட்டிருந்தாங்க ஆஸ்பத்திரில. வலிப்புல துள்ளுறான்னு கட்டிலோட கட்டுனாங்க. காலைல அவுத்தாங்க, உசுரு இல்ல. உன் சமையல்கூடத்துல ரெண்டு களி தின்னான், அவ்ளோதான்.

— தெரியும். அந்த வார்டு வாசல்லதான் நானும் நின்னேன்.

— எதுக்கு? எத்தன பேரு செத்தாங்கன்னு எழுதிக்கவா?

— முட்டில வேணாம்ணா. ஐயோ... ஜீஸஸ்.

— இது ரவிக்கு. இன்னும் பதினோரு பேரு படுத்திருக்காங்க. விதை ராகி சோத்து ராகியோட எப்படிக் கலந்துச்சு, சொல்லு.

— முன்னாடி விதை ஸ்கீம் ஆனேக்கல்ல, எரு ஸ்கீம் வேற ஆபீஸ்ல, சமையல்கூடம் ஹெப்பகோடில. இவன் என்ன பண்றான்னு அவனுக்குத் தெரியாது. உன் ராகி மண்டில அடிமாட்டு விலைக்குப் போகும், ஃபேக்டரி பசங்க பரோட்டா தின்னுட்டுக் கெடப்பாங்க. உன் ராகியையே வாங்கி அவங்களுக்குக் களி போடலாம்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்தேன். அது தப்பில்ல மேன்.

— மேடைல பேசினியே, அதே பேச்சு. நானும் கை தட்டினேன், கேட்டியா.

— கோடௌன் ஒண்ணாச்சு. சாக்கும் ஒரே மாதிரி, ஒரே முத்திரை. மருந்து பூசின விதையை வேற சாக்குல போட்டிருக்கணும். போடல. அது என் தப்பு.

— அது சிவப்பு மருந்துய்யா. தண்ணில போட்டா ரத்தம் கணக்கா ஓடும். சமைக்கிற பொம்பளைங்க உன்னைக் கேக்காமலா அரைச்சாங்க? திங்கக்கிழமை அங்கேருந்து உனக்கு போன் வந்துச்சு. பாத்திரம் கழுவுற ஜோவிதா பாத்திருக்கா, ஆனா ஆள் பேரைச் சொல்ல மாட்டேங்கிறா. பேசினது யாரு?

— ஞாபகம் இல்ல.

— சுள்ளு. சுத்தப் பொய். சுண்டு விரலை நீட்டு.

— அண்ணா, கம்பியைக் கீழ போடு. அண்ணா... அம்மா!

— ஒண்ணு போச்சு. இன்னும் ஒம்போது இருக்கு. யாரு?

— நான்தான் பரவால்ல, அரைங்கன்னு சொன்னேன். போலீஸ்லயும் அதையே சொல்றேன். போதுமா?

— நான் கேட்டது அது இல்ல. போன்ல யாரு?

— காந்தாக்கா இப்போ எங்க இருக்காங்க?

— என் பொண்டாட்டி பேரு உன் வாய்ல எதுக்கு வருது?

— போன வருஷம் மாவுக்கட்டோட வேலைக்கு வந்தாங்க. படில விழுந்தேன்னாங்க. நான் உன் வீட்டுக்கு வந்திருக்கேன்ணா. அங்க படியே இல்ல.

— அது என் வீட்டு விஷயம். அடுத்த விரல்.

— அவரை விடு மாமா.

— காந்தா? நீ எப்படி உள்ள வந்தே?

— பின்கதவு சாவி என்கிட்டதானே இருக்கு. சமையலுக்கு ராகி எடுக்க தினம் நான்தானே வரேன்.

— வெளிய போ. இந்தாளு வாயைத் தொறக்கப் போறான், கேட்டியா.

— மாட்டாரு. தொறக்கிறவரா இருந்தா மொத விரலுக்கே தொறந்திருப்பாரு.

— காந்தாக்கா, வேணாம். போயிடுங்க.

— சும்மா இருங்க சார். மாமா, போன் பண்ணது நான். ராகி கழுவுனா சாயம் ஓடுதுன்னு சொன்னேன். மருந்தா இருக்கும், ஒரு பிடிகூட வைக்காம கொட்டிடுங்கன்னாரு.

— அப்புறம்?

— கொட்டிட்டேன்னு அவருக்கு மெசேஜ் போட்டேன். கொட்டல. ஒரு மூட்டை ராகி, நம்ம கொல்லைல வெளைஞ்ச மாதிரியே இருந்துச்சு, மனசு வரல. புதுச் சாக்குச் சாயம்தான்னு நெனச்சேன். தண்ணி தெளியற வரைக்கும் அஞ்சு வாட்டி கழுவி, காயவெச்சு அரைச்சேன்.

— நீ...

— ரெண்டாவது களி வேணாம் அண்ணின்னான் ரவி. நான்தான் தட்டுல வெச்சேன். அந்தக் கம்பியைக் கீழ போடாதே, எடுத்துட்டே என்கிட்ட வா. இந்த வாட்டி படில விழுந்தேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.