மேல்வீட்டுச் சமையல், கீழ்வீட்டுப் பானை

மேல்வீட்டுல ஆக்கி கீழ்வீட்டுப் பானையில ஊத்தி வைப்பாங்க. அதுக்குக் காத்துக் கெடக்குறவன் தூரத்து வீட்டுல இருப்பான். அது என்ன, சொல்லுங்க பாப்போம் சேதுராமண்ணே.

தேங்காயா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இல்லண்ணே. கெணறும் இல்ல. சரி, நானே சொல்லிடறேன். மொதல்ல கோப்பியக் குடிங்க. புக்கிட் ரம்பாயிலேருந்து சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க. மாடு எங்க ஓடப்போவுது? கட்டித்தான கெடக்கு.

ஐயோ, மடியில ஒரு கொறையும் இல்ல. தொட்டுப் பாருங்க. நாலு காம்பும் நல்ல காம்பு. ஒதைக்காது. ரெண்டாம் ஈத்துதான். அப்புறம் ஏன் விக்கிறன்னு கேக்கறீங்க. அதச் சொல்லத்தான் விடுகதையில ஆரம்பிச்சேன். சிரிக்காதீங்கலா.

எம்மவ பொன்னம்மாவப் பாத்திருக்கீங்க. ஒம்பது வயசு. போன வருசம் மெர்டேக்கா சுதந்திர நாளு அன்னிக்கு ஊர்வலம் பாக்கணும்னு ரம்புத்தான் மரத்துல ஏறுனா. கொடி தெரியுதுப்பா, கொடி தெரியுதுன்னு கத்துனா. கால் வழுக்கி விழுந்துட்டா. நெத்தி வீங்குச்சு, வடிஞ்சுது. அவ்வளவுதான்னு நெனச்சோம்.

அப்புறம் புடிச்சுது பாருங்க ஒரு தாகம். செம்பு செம்பா இல்லண்ணே, கொடங் கொடமா. குடிக்கிறதும் ஒதுங்குறதும்தான் வேல. போறதும் பச்சத்தண்ணி மாதிரியே போவும். சர்க்கரையா இருக்கும்னாங்க பக்கத்து வீட்டுல. சரின்னு நம்ம ஆளுங்க பாக்குற மாதிரியே பாத்தேன். முத்தத்துல ஒதுங்க வச்சுட்டு எறும்பு வருதான்னு குந்திக்கிட்டிருந்தேன். எங்க வீட்டு எறும்பு, கை கழுவுன தண்ணிக்கே வரிச கட்டும். அதுக்கிட்ட ஒண்ணுகூட அண்டல. சர்க்கரை இல்லன்னு எம்பொண்டாட்டி ருக்மணி தேங்கா ஒடச்சா. அவள மட்டும் சொல்லக் கூடாது, எனக்கும் அன்னிக்கு நிம்மதிதான்.

பள்ளிக்கூடத்துல வாத்தியாரு எத்தன தடவதான் வெளிய விடுவாரு? பசங்க தண்ணி லோரின்னு பேரு வச்சுட்டானுங்க. பாயெல்லாம் நனையுதேன்னு ருக்மணி, பொழுது சாஞ்சதும் தண்ணிப் பானைய உள்ள வச்சுப் பூட்டுனா. கெட்ட எண்ணம் இல்லண்ணே. குடிச்சாத்தான போவும்னு நெனச்சுட்டா. விடிஞ்சு கறக்க வந்து பாக்குறேன், இந்தா, இதே தொட்டியில இந்த மாடு, மயிலை, ஒரு பக்கம் தலைய விட்டுக் குடிக்குது, எம்மவ இன்னொரு பக்கம் தலைய விட்டுக் குடிக்கிறா. ஒதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி... அப்படியே தூக்கிக்கிட்டு ஆஸ்பித்திரிக்கு ஓடுனேன்.

அங்க ஜெயபாலன்னு ஒரு டாக்டரு. இந்த விடுகதைய அவளுக்குப் போட்டவரு அவருதான். மூளைதான் மேல்வீடாம். அதுக்கு அடியில ஒரு காம்புல, பட்டாணி கணக்கா ஒரு சுரப்பி தொங்குதாம். அது கீழ்வீடு. ஒடம்புல தண்ணிய நிறுத்துற மருந்த அந்தப் பட்டாணியேதான் காச்சுதுன்னு ரொம்ப நாளா பெரிய பெரிய டாக்டருங்களே நெனச்சுக்கிட்டிருந்தாங்களாம். இல்லையாம். காச்சுறது மேல. நூலு நூலா நரம்பு வழியா எறங்கி வந்து, கீழ சும்மா சேந்து நிக்குமாம். வேணுங்கறப்ப ரத்தத்துல கலந்து போயி, சிறுநீரகத்துக்கிட்ட தண்ணிய எல்லாம் விட்றாத, புடிச்சு வைய்யின்னு சொல்லுமாம். தூரத்து வீடு அதான். எம்மவ விழுந்ததுல நடுவுல இருக்கற காம்பு நசுங்கிப் போச்சு. மேல அடுப்பு இருக்கு, எறங்கி வர்ற வழி இல்ல. அந்த நூலு மறுபடி வளருமா டாக்டர்னு கேட்டேன். வளரலாம், வளராமயும் போவலாம்னாரு.

அது வரைக்கும் ஒரு பொடி. மூக்குப்பொடி மாதிரி உறிஞ்சணும். மொத நாளு தும்மித் தள்ளிட்டா. ஆனா அண்ணே, ஒரே ஒரு செம்புத் தண்ணியோட சாயங்காலம் வரைக்கும் இருந்தா! ருக்மணி அழுதுட்டா.

இருங்க, மாட்டுக்கு வரேன். எம்மவ சும்மா இருக்குற பொண்ணா? டாக்டர், இந்தப் பொடிய எந்த வீட்டுல ஆக்குறாங்கன்னு கேட்டா. அவரு என்னயப் பாத்தாரு. நான் வேணாம்னு தலைய ஆட்டுனேன். மனுசனுக்குப் பொய் வரல. மாட்டுத் தலைக்குள்ளயும் அதே பட்டாணி இருக்கும்மா, அதக் காய வச்சு அரைச்சதுன்னுட்டாரு. உசுரோட இருக்குற மாடான்னு கேட்டா. இல்லம்மான்னாரு.

மயிலையோட கன்னு செத்தது ஒங்களுக்குத் தெரியும். தோல்ல வைக்கோல் அடைச்சு நிறுத்த எனக்கு மனசு வரல. பொன்னம்மாதான் இதுக்குக் கன்னு. அவ வந்து கழுத்தத் தடவணும், இது அவ கைய நக்கணும், அப்பத்தான் பால் எறங்கும். அதயும் டாக்டரு சொன்னாரு. பால எறக்குற மருந்தும் மேல காச்சி அதே பட்டாணியிலதான் சேந்து நிக்குமாம். நமக்கும் மாட்டுக்கும் ஒரே மாதிரியாம். கன்னு வந்து நின்னாத்தான் கதவு தொறக்குமாம்.

கடைசியா பொடி டப்பாவ அவ கையிலயே குடுத்தாரு. இது இல்லாட்டியும் தண்ணி எப்பவும் பக்கத்துல இருந்தா நீ சாவ மாட்ட. ஆனா தூக்கம் இருக்காது, பள்ளிக்கூடம் கஷ்டம். நீயே யோசிச்சு சொல்லுன்னாரு. ஒம்பது வயசுப் புள்ளகிட்ட! சண்டைக்குப் போயிருப்பேன். போட்டுக்கம்மான்னு சொல்றதா, வேணாம்மான்னு சொல்றதான்னு எனக்கே தெரியலியே, என்னத்தச் சொல்லி சண்ட போட? எங்கப்பா தோட்டத்து வேலைய விட்டு இந்த கஜா பேராங் ஊருக்கு வந்து மாடு கட்டுனதுலேருந்து, வத்துன மாட்டக்கூட நாங்க அறுக்கக் குடுத்ததில்ல. நீங்களும் குடுத்துடக் கூடாது. அதுக்குத்தான் வேற யாருக்கும் சொல்லி அனுப்பல. ஒங்க வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு. ஒண்ணு வந்து பக்கத்துல நின்னாப் போதும், எறக்கிடும். இங்க இருந்தா மடி கட்டிக்கும். நான் தடவுனாலும் அடக்கிக்கிது, அந்தச் சன்னலையே பாத்துக்கிட்டு நிக்குது.

ஆமா, அவ உள்ளதான் இருக்கா. சன்னல அவதான் சாத்துனா. பள்ளிக்கூடத்துக்குப் போறா, நல்லாத் தூங்குறா.

கயிறு புதுசுண்ணே, அதோடயே ஓட்டிக்கிட்டுப் போங்க. பொன்னம்மா பொடியப் போட்டுக்கிட்டா. அன்னியிலேருந்து தொழுவத்துப் பக்கம் வர்றதில்ல.