பின்சுவர் ஒன்பதாம் புள்ளியை நகரவிடாத பெருந்தகைக்கு

மண்ணையும் நீரையும், மாசையும் தூசையும், புகையையும் இரைச்சலையும் அளந்து அளந்து அலுக்காத அண்ணலே! வெயிலில் வெந்தும் மழையில் நனைந்தும் வெள்ளைச் சட்டையில் கறை படாத கண்ணியமே! எங்கள் ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவைத் தோளில் சுமந்து, தோள் இறங்கிய பின் தலையில் சுமந்து, இன்று பணி ஓய்வு பெற்று இறக்கி வைக்கும் இணையிலாக் குன்றமே! வணக்கம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் கூச்சம் தாங்காமல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிடுவீர்கள். இருந்த இடத்தை விட்டு எதுவும் நகர்வது தங்களுக்குப் பிடிக்காது என்பதை இந்த ஆலையே அறியும். ஆகவே சபையைப் பார்த்தே தங்கள் கதையைச் சொல்கிறோம். அமர்ந்த இடத்திலேயே அமர்ந்து கேட்டருள்க.

சபையோரே! இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லாருக்கும் இவர் புள்ளிக்காரர். எங்கே நீரெடுத்துப் பார்ப்பது, எங்கே தூசி பிடிப்பது, எங்கே இரைச்சல் அளப்பது என்று வளாகம் முழுவதும் இடம் தேர்ந்து, ஒவ்வோர் இடத்தையும் டேப்லெட்டின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தவர் இவரே. அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. புள்ளி இருக்கும் இடத்துக்கே போய் நின்றால்தான் அளவைப் பதிய விடும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதியப் பார்த்தால், தொலைவில் இருக்கிறீர்கள் என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடும். அளவு சரியாக இருந்தால் புள்ளி பச்சை, மிஞ்சினால் சிவப்பு.

ஆகவே இவர் நடந்தார். நடந்த நடையில் மண் தேய்ந்து பள்ளமாகி, மழைக்காலத்தில் அதில் தூண்டில் போட்டவர்கள் உண்டு. நீரெடுக்கும் குழிகளின் மூடியைத் திறக்கக் குனிந்து குனிந்து இவர் உயரமே ஒரு சாண் குறைந்துவிட்டதாக, நமக்குச் சீருடை தைத்துத் தரும் தையல்காரம்மா அளவுநாடாவின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறார்.

எட்டுப் புள்ளிகள் மதிலுக்கு உள்ளே. அவை பச்சையோ பச்சை. ஒன்பதாவது பின்சுவருக்கு வெளியே, கழிவுநீர்த் தொட்டிக்கு மறுபுறம், குடியிருப்பின் அடிபம்பை ஒட்டி. அது சிவந்தது. அடுத்த மாதமும் சிவந்தது. இந்த ஆலையில் வேறு எவருக்கும் வெட்கம் இல்லாததால் அந்தப் பொறுப்பையும் அதுவே ஏற்றுக்கொண்டது போலும்.

தொட்டி ஒழுகுகிறது, உடைத்துக் கட்டியாக வேண்டும் என்றார் புள்ளிக்காரர். நம் மேலாளர், இதோ மைக் முன் நின்று இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கும் பெருமகனார், அதைவிட எளிய வழி கண்டார். மென்பொருள்காரரை வரவழைத்து, திரையில் ஒன்பதாம் புள்ளியை விரலால் பிடித்து இழுத்து, முன்வாசல் பூச்செடிகளுக்கு ஊர்க்குழாய் நீர் விடும் இடத்தில் கொண்டுபோய் வைக்கச் செய்தார். ஒரு செங்கல் அசையவில்லை. ஒரு சட்டி சிமெண்டு கரையவில்லை. அந்த மாதமே பச்சை!

புள்ளிக்காரர் பின்சுவருக்குப் போய்ப் புதிதாக ஒரு புள்ளி வைத்து, பழைய ஒன்பது என்று பெயரிட்டார். மறுநாள் அதைக் காணோம். உண்மையான ஒன்பது என்று இன்னொன்று வைத்தார். அதையும் காணோம். எங்கேயும் போகாத ஒன்பது என்று மூன்றாவதாக வைத்தார். அது போன வேகத்தைப் பார்த்து உள்ளே இருந்த எட்டும் ஆடிப்போயின. பிறகு மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. கதவு திறந்தே இருந்ததால் அங்கே பேசியதைக் கேட்கும் பேறு எங்களுக்கும் கிட்டியது.

"ஏன் சார், புள்ளி எங்க இருந்தா உங்களுக்கு என்ன? தண்ணி தண்ணிதானே?" என்றார் மேலாளர்.

"அப்ப அந்த அடிபம்புத் தண்ணியிலயே உங்களுக்கு ஒரு டீ போடச் சொல்லவா சார்?" என்றார் இவர்.

அன்றே டேப்லெட் பறிபோனது. மேசை ஜெனரேட்டர் அறைக்குப் போனது. ஆயுள் முழுக்க இரைச்சலை அளந்தவருக்கு இரைச்சலையே இருப்பிடமாக்கிக் கொடுத்த நிர்வாகத்தின் நயம்தான் என்னே! நாங்களோ இவருக்கு மலைபோல் துணை நின்றோம். மலையைப் போலவே அசையவில்லை, வாயும் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது இவர் அமர்ந்த மேசையில் மட்டும் எங்களுக்குத் திடீரென்று இடம் போதாமல் போயிற்று. மாதந்தோறும் பூச்செடிக் குழாயில் புட்டியைப் பிடித்து, பின்சுவர் என்று சீட்டு ஒட்டி, நீர் நன்று என்ற அறிக்கையில் வரிசையாகக் கையெழுத்திட்டோம். படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் கெட்ட பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த அறிக்கையின் நகல் ஒன்று, குடியிருப்புவாசிகளின் மன நிம்மதிக்காக, அடிபம்புக்கு மேலேயே ஒட்டப்பட்டது.

அடிபம்புக்கு எதிர்வீடுதான் தையல்காரம்மாவுடையது. ஒருநாள் இவரை வழிமறித்துக் கேட்டார்: "அண்ணே, பிள்ளைங்களுக்கு வயிறு சரியாவே இல்ல. இந்தத் தண்ணியக் குடிக்கலாமா?"

"குடிக்காதம்மா."

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "நீங்க ஒருத்தர் வேணாங்கிறீங்க. அங்க அத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களேண்ணே."

எந்தக் கேள்விக்கும் நாக்கு நுனியில் பதில் வைத்திருக்கும் இவர், அன்று அந்தத் தாளிலிருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு நடந்தார். ஜெனரேட்டர் அறைக்குத் திரும்பி வந்தவர் அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. பிள்ளைகள் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இவருக்கு இன்றுவரை ஆயிற்று.

இந்த ஆலையில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுபவர் இவர்தான். எங்களுக்குச் செந்தமிழ் என்றால் காய்ச்சல் வரும். ஆகவே இவருக்குரிய மடலையும் இவரையே எழுதச் சொன்னோம். நீட்டினார். வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டோம். மேலாளர் பெருமகனார் எல்லாருக்கும் முந்திக்கொண்டு, முதல் இடத்தில்.

வாசிப்பவருக்கு இவ்விடத்தில் தொண்டை வறளக்கூடும். பக்கத்தில் குவளை நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறோம். முன்வாசலில் பிடித்ததா பின்சுவரில் அடித்ததா என்று கேட்க வேண்டாம். தங்கள் திரையில் இரண்டும் ஒரே புள்ளிதான் ஐயா, பச்சைதான், பருகலாம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தையல்காரம்மா! இந்த ஒன்றை மட்டும் அலங்காரமில்லாமல் சொல்கிறோம். எங்கள் தொட்டி ஒழுகுகிறது. கழிவு உங்கள் அடிபம்பில் கலக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள். இப்போது சொல்வது ஒருத்தர் இல்லை. கீழே பாருங்கள், அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

புள்ளிக்காரரே! ஜெனரேட்டர் ஓசை காதை விட்டு இறங்கி, குறைந்த சாண் திரும்ப வளர்ந்து, பேரப்பிள்ளைகள் போதும் போதும் என்று ஓடும் அளவுக்குக் கதை அளந்து, நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ்க! பின்சுவருக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளும் அவ்வண்ணமே வாழ்க!

வாசிக்கப்படுவது நகல், கிழிப்பவர்கள் தாராளமாகக் கிழிக்கலாம். கண்ணாடிச் சட்டமிட்ட மூல மடல், அடிபம்புக்கு எதிரே தையல்காரம்மா வீட்டுச் சுவரில் காலையிலேயே மாட்டியாயிற்று. திரையில் இழுத்தால் அது நகராது. ஆணி அடித்திருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பிரிவை இந்த நிமிடத்திலிருந்து மெய்யாகவே உணரும்
மேலாளரும் ஆலைப் பணியாளர் அனைவரும்